உண்டு என்பதும் இங்கு என்பதும்: உலோகங்காட்டியின் வரலாறு

தமிழில் ‘உண்டு’ என்பது ஒரு குறிப்பு வினைமுற்று. பொருளின் இருப்பை மட்டுமே அது சொல்லும், இடத்தைச் சொல்லாது. இடத்தைச் சொல்வதற்கு ‘இங்கு’, ‘அங்கு’ என்னும் சுட்டுச் சொற்கள் தனியே வேண்டியிருக்கின்றன. மண்ணுக்குள்ளும் உடலுக்குள்ளும் மறைந்து கிடக்கும் உலோகத்தைத் தேடும் கருவியின் வரலாறு, இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்க மனிதர் முயன்ற வரலாறேயாகும். ‘உண்டு’ என்று சொல்லும் கருவி 1870களிலேயே தோன்றிவிட்டது. ‘இங்கு’ என்று திட்டமாகச் சொல்லும் திறமை அத்துணை எளிதில் கைவரவில்லை.

1881ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் காலை, வாஷிங்டன் நகரத்துப் புகைவண்டி நிலையம் ஒன்றில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்பீல்டு சுடப்பட்டார். சுட்டவன் சார்லஸ் கிட்டோ என்பவன். ஒரு குண்டு கையை உரசிச் சென்றது. மற்றொன்று முதுகின் வலப்புறமாகப் புகுந்து உள்ளே தங்கிவிட்டது. அக்குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்பதே அன்று மருத்துவர்கள் முன் நின்ற வினா. ஊடுகதிர் அப்போது அறியப்படவில்லை. ரான்ட்ஜன் அதனைக் கண்டது 1895இல்தான். எனவே டாக்டர் பிளிஸ் முதலியோர் காயத்தின் வழியே விரலையும் கம்பியையும் விட்டுத் துழாவிப் பார்த்தனர். கிருமி நீக்கும் முறையை இங்கிலாந்தில் லிஸ்டர் வகுத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தும், கழுவாத விரலே காயத்துள் சென்றது. குண்டு அகப்படவில்லை, சீழ் பிடித்தது.

இச்செய்தியை அறிந்து மனம் பதைத்தவர்களுள் ஒருவர் அலெக்சாந்தர் கிரஹாம் பெல். அவர் தொலைபேசியைக் கண்டு ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. உடலைக் கீறாமலே குண்டின் இடத்தைக் கண்டுவிட மின்சாரம் உதவக்கூடும் என்று அவருக்குத் தோன்றியது. அதற்கு வேண்டிய கருவியின் கருவும் ஏற்கெனவே இருந்தது. பேராசிரியர் ஹியூஸ் என்பவர் 1879இல் ‘தூண்டல் தராசு’ என்று ஓர் அமைப்பை வெளியிட்டிருந்தார். பெயர் பொருத்தமானதே. ஒரு கம்பிச் சுருளில் விட்டுவிட்டு மின்சாரத்தைப் பாய்ச்சினால், அருகிலுள்ள மற்றொரு சுருளில் அது மின்னோட்டத்தைத் தூண்டும். சுருள்களைத் தக்கவாறு அமைத்தால், தூண்டப்படும் விளைவுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும்; தராசின் இரு தட்டுகளும் சமன்பட்டாற்போல, காதில் வைத்த தொலைபேசி ஊமையாகிவிடும். அந்நிலையில் ஓர் உலோகத் துண்டு அருகே வந்தால், அதனுள் சிறு சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. தராசு சாய்கிறது, தொலைபேசி முனகத் தொடங்குகிறது.

பெல்லும் அவருடைய துணைவர் சம்னர் டெய்ன்டரும் இரவு பகலாக உழைத்தனர். ஈயக் குண்டைத் தவிட்டு மூட்டையில் புதைத்தும், மாட்டிறைச்சித் துண்டில் செருகியும் சோதித்தனர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பட்ட குண்டை உடலிலேயே சுமந்து திரிந்த பழைய வீரர்கள் சிலர், தம் உடலையும் இச்சோதனைக்குத் தந்தனர். கருவி வேலை செய்தது.

ஜூலை 26ஆம் நாள் மாலை கருவி வெள்ளை மாளிகைக்குச் சென்றது. அன்று மின்தேக்கி ஒன்று தவறாக இணைக்கப்பட்டிருந்தமையால் காதில் ஓயாத கரகரப்பே கேட்டது. ஆகஸ்டு முதல் நாள் மீண்டும் முயன்றனர். இம்முறை சுருள்கள் இரண்டையும் தட்டையாக, ஒன்றன்மேல் ஒன்று ஓரளவு படியும்படி அமைத்திருந்தார் பெல். இப்போது ஒலி கேட்கத்தான் செய்தது. ஆனால், ஓரிடத்தில் உச்சமாகவும் சுற்றிலும் தணிந்தும் கேட்கவேண்டிய ஒலி, அகன்ற பரப்பு முழுவதும் மங்கலாகப் பரவிக் கேட்டது. ‘உண்டு’ என்றது கருவி. ‘இங்கு’ என்று சொல்லவில்லை. குண்டு தாம் நினைத்த வலப்புறத்திலேயே இருப்பது உறுதியாயிற்று என்று டாக்டர் பிளிஸ் அறிவித்துவிட்டார். தெளிவில்லாத சான்றைத் தம் கருத்துக்கு ஆதரவாக வளைத்துக்கொள்வது மருத்துவர்க்கு மட்டும் உரிய குறை அன்று. வரலாறு எழுதுவோரிடத்தும் அது காணப்படுவதே.

நோயாளியின் மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பிகளாலான மற்றொரு மெத்தை இருந்தது என்பது மறுநாள் தெரியவந்தது. பெல்லின் தோல்விக்கு அக்கம்பிகளே காரணம் என்று பல நூல்கள் கூறும். கதை சுவையானது, ஆனால் முழு உண்மை அன்று. அதே போன்ற மெத்தை ஒன்றை வரவழைத்துச் சோதித்ததாகவும், அதனால் பெரும் கேடு விளைந்திருக்காது என்று கருதியதாகவும் பெல்லே 1882இல் வெளியிட்ட கட்டுரையில் எழுதினார். உண்மைக் காரணம் வேறு. கார்பீல்டு செப்டம்பர் 19ஆம் நாள், சுடப்பட்ட 79ஆம் நாளில், இறந்தார். உடலை அறுத்துப் பார்த்தபோது, குண்டு முதுகெலும்பைக் கடந்து இடப்புறத்தில், கணையத்திற்குப் பின்னால் ஆழத்தில் கிடந்தது. சுற்றிலும் தசை வளர்ந்து அதைப் பொதிந்திருந்தது. அது இருந்த இடத்தில் எவ்வகைத் தீங்கும் செய்யவில்லை. வலப்புறத்தைத் தேட மட்டுமே பெல்லுக்கு இசைவு தரப்பட்டிருந்தது.

இம்முயற்சியின் நடுவே, ஆகஸ்டு 15ஆம் நாள், பெல்லின் ஆண் குழந்தை குறைப்பேறாகப் பிறந்து இறந்தது. அவர் ஆராய்ச்சியை விடவில்லை. கார்பீல்டு மறைந்த பின்னும் கருவியைத் திருத்தினார். அத்துடன் வேறொரு வழியும் கண்டார். தொலைபேசியோடு இணைத்த மெல்லிய ஊசியைத் தோலினூடே செலுத்தினால், அதன் முனை குண்டைத் தொட்டவுடன் காதில் ‘டிக்’ என்று ஓர் ஒலி எழும். சுருள் பரப்பைக் காட்டும். ஊசி புள்ளியைக் காட்டும். பிற்காலத்தில் இத்துறையில் நிகழ்ந்தவையெல்லாம் இவ்விரண்டு கருத்துக்களுள் அடங்கியிருக்கக் காணலாம்.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் பெருஞ்செய்தி இல்லை. கெர்ஹார்டு பிஷர் என்னும் ஜெர்மானியர் அமெரிக்காவில் குடியேறி, வானொலி அலையைக்கொண்டு திசையறியும் கருவிகளைச் செய்துவந்தார். உலோகம் உள்ள இடங்களில் அக்கருவிகள் திசை பிசகுவதைக் கண்டு, பிசகையே பயனாக்கிக்கொண்டார். கையில் எடுத்துச் செல்லத்தக்க உலோகங்காட்டிக்கு 1937இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. புதைந்த குழாய்களையும் கனிகளையும் தேடுவோர் அதை வாங்கினர்.

பின்னர் இரண்டாம் உலகப் போர் வந்தது. போர் வந்தபின் ‘இங்கு’ என்னும் சொல்லின் விலை உயிராயிற்று.

ஜெர்மனி தம் நாட்டைக் கவர்ந்தபின் பிரிட்டனில் தஞ்சம் புகுந்த போலந்துப் படையினருள் யூசெப் கொசாட்ஸ்கி என்னும் பொறியியல் அதிகாரி ஒருவர் இருந்தார். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இருந்தபோது, 1941-42 குளிர்காலத்தில், கண்ணிவெடி காட்டும் கருவி ஒன்றை அவர் உருவாக்கினார். நீண்ட கழியின் நுனியில் இரண்டு சுருள்கள். ஒன்று மின்னலையை எழுப்பும். மற்றொன்று பெருக்கியின் வழியாகக் காதணிக் குழாயோடு சேரும். ஹியூஸ், பெல் ஆகியோரின் அதே தராசுதான். போர்வீரன் முதுகில் ஏற்றக்கூடியதாயிற்று. எடை ஏறத்தாழ 14 கிலோகிராம். கொசாட்ஸ்கி அதற்குக் காப்புரிமை கோரவில்லை. பிரிட்டிஷ் படைக்கு வழங்கிவிட்டார். நன்றி தெரிவித்து அரசரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது.

1942 அக்டோபர் 23ஆம் நாள் இரவு எகிப்தில் எல் அலமெய்ன் போர் தொடங்கியது. ரோமெலின் படை தன் முன்னே இலட்சக்கணக்கான கண்ணிவெடிகளை மணலில் புதைத்து வைத்திருந்தது. ‘பிசாசின் தோட்டம்’ என்று அதற்குப் பெயர். போலந்துக் கருவிகள் 500 அங்கு அனுப்பப்பட்டன. கருவியின்றி மணிக்கு நூறு சதுர மீட்டர் துப்புரவு செய்த வீரர், கருவிகொண்டு இருநூறு சதுர மீட்டர் செய்யலாயினர். இரு மடங்கு வேகந்தானா என்று இன்று படிப்பவர்க்குத் தோன்றலாம். பீரங்கிகள் முழங்கும் இருளில், நிமிர்ந்து நின்று, காதில் குழாயை மாட்டிக்கொண்டு, ஒரு மெல்லிய முனகலுக்காகச் செவி சாய்த்தவனுடைய நிலையை எண்ணினால் அக்கணக்கின் பொருள் விளங்கும்.

அவ்வீரனுக்கு ‘உண்டு’ என்னும் செய்தி போதாது. ஒலி எழுந்தவுடன் அவன் சுருளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செலுத்தி உச்சத்தைத் தேடுவான். பின் மண்டியிட்டு, துப்பாக்கிமுனைக் கத்தியை மண்ணில் சாய்வாகச் செலுத்துவான். செங்குத்தாகக் குத்தினால் கண்ணியின் தலைமேல் அழுத்தம் விழும். சாய்வாகச் சென்றால் அதன் விலாவில்தான் முட்டும். பெல்லின் ஊசி செய்த வேலையையே இங்கே கத்தி செய்தது. பின்னர் கையால் மணலை விலக்குவான். பின்வருவோர்க்கு வழி தெரிய வெள்ளை நாடா கட்டப்படும். கருவியை ஏய்க்கவும் எதிரி கற்றுக்கொண்டான். மரப்பெட்டியிலும் கண்ணாடியிலும் கண்ணிகளைச் செய்தான். அத்தகைய இடங்களில் காது உதவவில்லை. கத்திமுனை ஒன்றே வழி.

இப்பணியில் தமிழ்நாட்டவர்க்கும் பங்குண்டு. சென்னைப் பொறியியற் படைப்பிரிவைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944இல் இத்தாலியில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் தம் வீரர்களுடன் ஈடுபட்டிருந்தார். கண்ணி ஒன்று இயங்கிவிட்டதை அறிந்ததும், உடனிருந்தோரைக் காப்பதற்காகத் தம் உடலாலேயே அதனை மூடி உயிர் நீத்தார். ஜார்ஜ் சிலுவை என்னும் உயர்ந்த விருது இறந்தபின் அவருக்கு வழங்கப்பட்டது. ஓரடி பிசகின் விலை இது.

போர் முடிந்ததும் படையில் மிஞ்சிய கருவிகள் சந்தைக்கு வந்தன. டிரான்சிஸ்டர் வந்தபின் எடை குறைந்தது. 1960களிலும் 70களிலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல்லாயிரவர் பழங்காசு தேடி வயல்களிலும் கடற்கரைகளிலும் நடக்கத் தொடங்கினர். பொழுதுபோக்குத்தான்; ஆயினும் இடங்குறிக்கும் கலையை இவர்கள் மிக நுட்பமாக வளர்த்தார்கள் என்பதை மறுக்கலாகாது. சுருளைத் தரைக்கு இணையாக இடமும் வலமும் வீசி, ஒலி உச்சம் அடையும் கோட்டை நினைவில் கொள்வர். பின் கால்வட்டம் திரும்பி நின்று அவ்வாறே வீசுவர். இரண்டு கோடுகளும் வெட்டும் இடமே பொருள் கிடக்கும் இடம். ஒலி அகன்று கேட்டால், பொருளின் அருகே சுருளை நிறுத்திக் கருவியை அங்கேயே ஊமையாக்கிவிடுவர். அதன்பின் மிக வலிய நடுப்பகுதி மட்டுமே பேசும்.

சுருளின் வடிவத்தையும் அறிந்திருக்கவேண்டும். வட்டத்துள் வட்டமாக அமைந்த சுருளின் உணர்பரப்பு, கீழே செல்லச் செல்லக் கூம்புபோல் குறுகும்; பொருள் சுருளின் மையத்திற்கு நேர்கீழே இருக்கும். பெல் செய்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்த சுருள்களை இன்று ‘டிடி’ என்பர். அவற்றின் உணர்பரப்பு கத்தி அலகுபோல் முன்பின்னாக நீளும். ஆகவே சுருளை அசைத்துக்கொண்டே பின்னோக்கி இழுப்பர். ஒலி அற்றுப்போகும் கணத்தில் பொருள் சுருளின் முன்நுனிக்குக் கீழே இருக்கும். நீண்ட ஆணி இரண்டு முனைகளிலும் ஒலித்து ஏமாற்றும். செங்குத்தாக நிற்கும் காசு தன் இடத்தைத் தள்ளிக் காட்டும். கனிமம் செறிந்த செம்மண்ணும் உப்பு ஊறிய ஈரமணலும் தாமே முனகும். தோண்டிய குழிக்குள் விரல் நீளக் கைக்கருவி ஒன்றை விட்டுக் கடைசி ஓரிரு அங்குலத்தைத் தீர்மானிப்பர். பழங்காசின் முகத்தில் மண்வெட்டி படாமல் இருப்பதற்கு இத்தனை பாடு.

தொல்பொருள் ஆராய்ச்சியாளர்கள் இவர்களை நெடுங்காலம் பகைத்தனர். பகைக்குக் காரணம் இருந்தது. இங்கிலாந்தில் சரே மாவட்டத்து வான்பரோ என்னும் ஊரில் உரோமர் காலக் கோயில் இடம் ஒன்று உண்டு. அங்கு 1980களில் திருட்டுத்தனமாக நுழைந்தவர்கள், உரோமர் வருகைக்கு முற்பட்ட காசுகளை ஆயிரக்கணக்கில் அகழ்ந்து விற்றுவிட்டனர். ஒவ்வொரு காசையும் அவர்கள் குறிதவறாமல் எடுத்தார்கள். எந்தக் காசு எந்தச் சுவருக்கு அருகில், எந்த அடுக்கில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பது அதனுடன் அழிந்தது. காசு மிஞ்சிற்று, இடம் போயிற்று. கல்வெட்டு இருந்த கோயிற்சுவர் எது என்று தெரியாமல் எழுத்தை மட்டும் படி எடுத்தவன் நிலையை இதற்கு ஒப்பிடலாம்.

ஆனால், அதே கருவி இடத்தைக் காக்கவும் வல்லது என்பது அமெரிக்காவில் மெய்ப்பிக்கப்பட்டது. 1876 ஜூன் 25ஆம் நாள் மான்டானா நாட்டுப்புறத்தில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில், தளபதி கஸ்டரும் அவருடன் நேரே சென்ற ஏறத்தாழ 210 வீரரும் லக்கோட்டா, ஷையேன் முதலிய பழங்குடியினரால் கொல்லப்பட்டனர். அப்பிரிவினருள் எவரும் உயிருடன் திரும்பாமையால், அங்கே நடந்தது என்ன என்று சொல்லப் படைத்தரப்பில் சாட்சி இல்லை. குன்றின்மேல் கஸ்டர் வீரர் சூழக் கடைசிவரை நின்று போரிட்ட காட்சியை ஓவியரும் கதைஞரும் தீட்டிவந்தனர். கண்டவர்கள் இல்லாமல் இல்லை. வென்ற பழங்குடியினர் கண்டிருந்தனர். போர் விரைவில் முடிந்தது, வெள்ளையர் பலர் கலைந்து ஓடினர் என்று அவர்கள் கூறியதை நூறாண்டுக் காலம் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை.

1983 ஆகஸ்டில் காட்டுத்தீ ஒன்று அக்களத்துப் புல்லை எரித்துத் தரையை வெளிப்படுத்தியது. அடுத்த ஆண்டில் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்டு பாக்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர்கள் உலோகங்காட்டியில் பழகிய தொண்டர்களை வரவழைத்தனர். பகையாளிகளாக எண்ணப்பட்டவர்களையே துணைக்கு அழைத்தமை அக்காலத்தில் துணிவான செயல். தொண்டர்கள் சில மீட்டர் இடைவெளிவிட்டு வரிசையாக நடந்தனர். ஒலி கேட்ட இடத்தைத் துல்லியமாகக் குறித்துச் சிறு கொடி நட்டுவிட்டு மேலே செல்வர். தோண்டுவது அவர்கள் வேலை அன்று. பின்வரும் குழு மெல்ல மண்ணை நீக்கிப் பொருளைத் திறந்துவிட்டு, எடுக்காமல் விடும். மூன்றாவது குழு அளவைக் கருவியைக்கொண்டு அதன் இடத்தையும் ஆழத்தையும் கிடந்த திசையையும் பதிவு செய்த பின்பே பொருள் பைக்குள் போகும். இரண்டு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான தோட்டாக்களும் தோட்டா உறைகளும் பிற பொருள்களும் இவ்வாறு கிடைத்தன.

துப்பாக்கியின் அடிமுள் தோட்டா உறையில் பதிக்கும் வடு, கைரேகைபோல் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனி. குற்றப் புலனாய்வுத் துறையினர் பயன்படுத்தும் அம்முறையால், ஒரே துப்பாக்கி உமிழ்ந்த உறைகளை இனம் பிரித்தனர். இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று ஒரே துப்பாக்கியின் உறைகள் கிடந்த இடங்களை இணைத்துக் கோடிழுத்தால், அதை ஏந்தியவன் நூறாண்டுக்கு முன் நடந்த வழி தெரிந்தது. படைவீரர் கையில் ஒவ்வொரு முறையும் தோட்டா இடவேண்டிய ஸ்பிரிங்பீல்டு துப்பாக்கி இருக்க, பழங்குடியினர் பலரிடம் தொடர்ந்து சுடும் ஹென்றி, வின்செஸ்டர் துப்பாக்கிகள் இருந்தன. படைவீரர் துப்பாக்கிகள் உறை சிக்கிப் பழுதானமையே தோல்விக்குக் காரணம் என்ற பழைய சாக்கும் நிலைக்கவில்லை; நெம்பி எடுத்த வடு மிகச் சில உறைகளிலேயே காணப்பட்டது. கடைசிப் போர் நடந்ததாகச் சொல்லப்படும் குன்றில் படைவீரர் சுட்ட உறைகள் குறைவாகவே இருந்தன. ஒழுங்கான இறுதி எதிர்ப்பு நிகழவில்லை, அணி குலைந்து வீழ்ச்சியே நேர்ந்தது என்று பாக்ஸ் முடிவு செய்தார். அம்முடிவில் வேறுபடும் அறிஞரும் உளர். ஆயினும் லக்கோட்டா, ஷையேன் முதியோர் வாய்மொழியில் பெரும்பகுதி மண்ணிலிருந்தே சான்று பெற்றுவிட்டது. 1991இல் கஸ்டர் பெயரைத் தாங்கிய அந்நினைவிடம், ஆற்றின் பெயரால் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களம் என்று மாற்றப்பட்டது.

இங்கிலாந்தில் பகை தணிந்த கதைக்கு ஒரு சுத்தியல் காரணமாயிற்று. 1992 நவம்பர் 16ஆம் நாள், சபோக் மாவட்டத்து ஹாக்ஸன் என்னும் சிற்றூரில், உழவர் ஒருவர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடிக்கொடுக்க அவருடைய நண்பர் உலோகங்காட்டியோடு சென்றார். கருவி வலிய ஒலி எழுப்பியது. தோண்டினால் காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும் பொற்சங்கிலியும் வெளிவந்தன. அவர் முழுவதையும் தோண்டி எடுத்திருக்கலாம். அங்ஙனம் செய்யாமல், நிறுத்திவிட்டு உரியவர்களுக்குச் செய்தி அனுப்பினார். மறுநாள் மாவட்டத் தொல்பொருள் ஆராய்ச்சியாளர்கள் வந்து, புதையல் கிடந்தவாறே மண்ணோடு படிப்படியாக எடுத்தனர்.

14,865 உரோமக் காசுகளும், அணிகலன்களும் வெள்ளிக் கலங்களுமாக ஏறத்தாழ 200 பொருள்களும் அதில் இருந்தன. கடைசிக் காசுகள் கி.பி. 407-408 ஆண்டுகளைச் சார்ந்தவை. அதாவது, உரோம ஆட்சி பிரிட்டனைவிட்டு நீங்கிய காலத்தில், அல்லது அதற்குச் சற்றுப் பின்னர், யாரோ ஒரு செல்வக் குடும்பத்தார் புதைத்தது. அவற்றை அடுக்கி வைத்த மரப்பெட்டி மண்ணோடு மண்ணாக மக்கிப்போயிருந்தது. ஆனால் கீல்களும் பூட்டுகளும் கிடந்த இடம் கிடந்தபடியே பதிவானமையால், பெட்டி ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் நீளமும் 45 அகலமும் 30 உயரமும் உடையது என்று கணக்கிட முடிந்தது. உள்ளே சிறு பேழைகள் இருந்தமையும், எது எதனுள் வைக்கப்பட்டது என்பதும் தெரிந்தன.

புதையலுக்கு 17½ இலட்சம் பவுன் விலை மதிக்கப்பட்டது. கண்டவரும் உழவரும் அதைப் பகிர்ந்துகொண்டனர். 1996இல் இங்கிலாந்தில் புதையற் சட்டம் புதிதாக இயற்றப்பட்டது. மறு ஆண்டு முதல், பொதுமக்கள் தாம் கண்ட பழம்பொருளின் இடத்தைத் தாமே முன்வந்து பதிவுசெய்யும் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. தேடிப்போன சுத்தியலும் பின்னர் அகப்பட்டது; அது இப்போது பிரிட்டிஷ் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது.